ஆடுதின்னாப்பாளையும் ஆட்டு வயிற்றுப் புழுவும்

ஆட்டைச் சாட்சி வைத்துப் பெயர் பெற்ற செடிகள் தமிழில் இரண்டு உண்டு. ஒன்று ஆடாதொடை. ஆடு தொடாத இலை என்று ஊரில் பொருள் சொல்வார்கள்; தாவரவியலாரும் அந்தப் பெயரை லத்தீனில் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மற்றொன்று ஆடுதின்னாப்பாளை. கரம்பிலும் வரப்போரத்திலும் தரையோடு படர்ந்து கிடக்கும். சாம்பல் பூத்தாற்போன்ற வட்ட இலை, கருஞ்சிவப்பில் குழல் போன்ற பூ, கசக்கினால் குமட்டுகிற வாடை. கண்ணில் படுகிற தழையையெல்லாம் ஒரு கடி கடித்துப் பார்க்கும் வெள்ளாடு, இதை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

அந்தச் செடியைப் பறித்து, அரைத்து, குடற்புழுவுக்கு என்று ஆட்டின் வாயைத் திறந்து ஊற்றுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூடும் வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தையில் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். அணைக்கட்டுப் பக்கம் நாற்பது உருப்படி வைத்து மேய்ப்பவர். "ஆட்டுக்கே கசக்கிறதென்றால் புழுவுக்கும் கசக்கத்தானே வேண்டும் தம்பி" என்றார். பிறகு பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: பனி உலராமல் ஆட்டைப் பட்டியிலிருந்து திறந்துவிடமாட்டாராம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். முதலில் சொன்னதை மருந்து என்று சொன்னார். இரண்டாவதைப் பழக்கம் என்று சொன்னார். புழுவின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

முதலில் செடியின் கதையை முடித்துவிடுகிறேன். ஆடுதின்னாப்பாளையும் அதன் இனச் செடிகளும் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சைக் கொண்டவை. சிறுநீரகத்தைச் சிதைக்கும்; புற்றுநோயும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் வேறொரு மூலிகைக்குப் பதிலாக இந்த இனச் செடி கலந்துபோயிருந்தது. செடியில் புழுவைக் கொல்லும் தன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆடு தின்ன மறுத்ததில் ஒரு காரணம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மூலிகை மருத்துவம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் உடனே உருவாகிவிடுகின்றன. முன்னோர் சொன்னது எல்லாம் சரி என்று ஒன்று. எல்லாம் மூடத்தனம் என்று மற்றொன்று. இரண்டுக்கும் ஆட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பொறுமை இல்லை. பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் குடல் கழுவுகிறவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். ஆட்டின் நான்காம் வயிற்றைக் கீறிப் பிரித்தால், உள்மடிப்புகளில் நூல் நூலாகப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் நீளம். உற்றுப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போலத் தெரியும். சிவப்பு, அது குடித்த ரத்தம் நிறைந்த குடல். அதைச் சுற்றி முறுக்கியிருக்கும் வெள்ளை, முட்டை நிறைந்த கருப்பை. ஹீமான்கஸ் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நம் பக்கத்து வெப்பத்துக்கும் மழைக்கும் பொருந்தி வளர்கிற, ஆடுகளை அதிகம் கொல்கிற உருண்டைப்புழு இது.

ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தம் இழக்கச் செய்கிறது. ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் ஓடும் ரத்தமே சுமார் 1,400 மில்லிதான். நான்கு வாரத்தில் உடலின் மொத்த ரத்தத்துக்குச் சமமான அளவு வெளியேறிவிடுகிறது. எலும்பு மச்சை ஓடி ஓடி ஈடுகட்டப் பார்க்கும். ஓரளவுக்கு மேல் முடியாமல் போகும். ரத்தத்தில் புரதம் குறைந்ததும் கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கும். இந்தத் தாடை வீக்கத்தைப் பார்த்த பிறகுதான் நம்மில் பலருக்குப் புழு நினைவே வருகிறது.

இங்கே ஒரு முக்கியமான ஏமாற்று இருக்கிறது. குடற்புழு என்றால் கழிச்சல் என்று நாம் பழகிவிட்டோம். ஹீமான்கஸ் பெரும்பாலும் கழிச்சலைத் தருவதில்லை. புழுக்கை கெட்டியாகவே விழும். ஆடு நன்றாக மேய்வது போலவே தெரியும். ஒரு நாள் மந்தைக்குப் பின்னால் தங்கும், மறுநாள் படுக்கும். எனவே புழுக்கையை மட்டும் பார்த்து முடிவு சொல்கிறவர் இந்தப் புழுவிடம் தோற்பார். மறுபக்கம், தண்ணீராய்க் கழிகிற ஆட்டுக்குப் புழுதான் என்று கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, அது ஆட்டுக்கொல்லி நோயாக இருந்து மந்தை முழுவதும் பரவிவிடவும் கூடும். ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி இருக்கிறது. 1932 முதல் ராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் வாசலிலேயே இருக்கிறது. குடற்புழுவுக்கு அப்படி ஊசி போட்டுவிட்டு மறந்துவிட இங்கே வழி இல்லை.

வளர்ந்த பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு முட்டை தரையில் விழும். ஈரமும் சூடும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆட்டைத் தொற்றும் பருவத்துக்கு இளம்புழு வந்துவிடும். அதற்குப் பார்வை கிடையாது, பாய்ச்சல் கிடையாது. புல்லின் மேல் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தித்தான் மேலே ஏறும். பனி படிந்த காலையில் புல் நுனி நோக்கிப் போகும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் கீழே அடித்தூருக்கு இறங்கிவிடும். பெரும்பாலானவை தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குள்தான் இருக்கும். ஆடு விழுங்கினால் மூன்று வாரத்தில் முட்டையிடும் புழுவாகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு பெரியவரின் "பழக்கத்தை" மறுபடி பாருங்கள். பனி உலர்ந்து, காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் ஆட்டைத் திறக்கிறார். புழு புல்லின் அடிக்குப் போன நேரம் அது. ஆடு மேல்நுனியை மேய்கிறது. அரைத்து ஊற்றுகிற எந்தக் கைமருந்தையும்விட இந்த இரண்டு மணி நேரக் காத்திருப்பு ஆட்டின் வயிற்றுக்குள் போகும் புழுவின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை என்பதால் யாரும் இதை மருந்து என்று மதிப்பதில்லை.

வேலூரின் பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. இங்கே ஆடி ஆவணியில் மாலை இடியோடு பெய்யும் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் உண்டு. அதாவது புழுவுக்குப் பிடித்த ஈரம் இரண்டு தவணையாகக் கிடைக்கிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து அடுத்த தென்மேற்கு மழை தொடங்கும் முன்பு, சித்திரை வைகாசியில், இந்த ஊர் வெயில் மேய்ச்சல் தரையை வறுத்துவிடுகிறது. இளம்புழு வெளியில் பிழைக்க முடியாத அந்த மாதங்களில் ஆட்டின் வயிறுதான் புழுவுக்குப் புகலிடம். கோடையில் எந்தக் கசாயம் கொடுத்தாலும் ஆடு தேறியது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து வேலை செய்ததா, வெயில் வேலை செய்ததா என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். மரமில்லாவிட்டாலும் அந்த மலைகளில் புதர் உண்டு. வெள்ளாட்டுக்குப் புதர் போதும். வெள்ளாடு இயல்பிலேயே தழை கடிக்கும் பிராணி. முன்னங்காலைத் தூக்கி நின்று தலைக்கு மேலே உள்ளதைப் பறிக்கும். செம்மறி குனிந்து புல்லைத் தரையோடு கரம்பும். புழு இருப்பது தரையில் என்பதால், புதர் மேயும் வரை வெள்ளாட்டுக்குப் புழுவின் தொல்லை குறைவு. ஆனால் அதனாலேயே புழுவை எதிர்க்கும் திறனை அது செம்மறி அளவுக்கு வளர்த்துக்கொள்ளவில்லை. மலையடிவாரத்தை வேலி போட்டு மனையாக்கி, வெள்ளாட்டை ஏரிக்கரைப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தும்போது அது செம்மறியைவிட வேகமாகச் சாய்கிறது. "எங்கள் தாத்தா காலத்தில் வெள்ளாட்டுக்குப் புழு மருந்தே கொடுத்ததில்லை" என்பவர் பொய் சொல்லவில்லை. தாத்தாவிடம் மலை இருந்தது.

சரி, கைமருந்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் புழங்குவதைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே குடும்பமாக இருக்கும்: வேப்பிலை, தும்பை, பாகல், குப்பைமேனி, சோற்றுக்கற்றாழை, வாழைத்தண்டு, பூண்டு, மஞ்சள், மிளகு, சீரகம், கடுகு; உருட்டிக் கொடுக்கப் பனைவெல்லம். தேசிய பால்வள வாரியம் மாடுகளுக்காக வெளியிட்டிருக்கும் மூலிகைக் குறிப்பிலும் ஏறக்குறைய இதே சரக்குதான். சீரகம், கடுகு, மிளகை ஊறவைத்து, மற்றவற்றோடு அரைத்து, வெல்லம் சேர்த்துச் சிறு உருண்டையாக, உப்பு தொட்டு நாக்கில் தடவி, மூன்று நாள் கொடுக்கச் சொல்கிறது. ஆட்டுக்கு அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

நாடாப்புழுவுக்கு என்றால் சரக்கு மாறும். புழுக்கையில் அரிசி மணி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் கொட்டைப்பாக்கை இடித்துக் கொடுப்பார்கள். புரசங்கொட்டை, வாய்விடங்கம், கபிலப்பொடி ஆகியவையும் இந்த வரிசையில் வரும். இவை வெறும் நம்பிக்கை அல்ல. கொட்டைப்பாக்கில் உள்ள அரிகோலின் நாடாப்புழுவை மரத்துப்போகச் செய்து குடல் சுவரிலிருந்து பிடி விடவைக்கும். நாய்களுக்கு நாடாப்புழு நீக்க அதையே மருந்தாகப் பிரித்தெடுத்து மேல்நாட்டு மருத்துவமும் பல காலம் பயன்படுத்தியது. புரசங்கொட்டையில் பலாசோனின், வாய்விடங்கத்தில் எம்பெலின் என்று பெயர் சொல்லக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. ஒரு சிறு வேடிக்கை: புழுக்கையில் கண்ணுக்குத் தெரிவதால் நாம் அதிகம் பயப்படுவது நாடாப்புழுவுக்கு, ஆட்டுக்கு அதிகத் தீங்கு செய்யாததும் அதுதான். கண்ணுக்குத் தெரியாமல் நான்காம் வயிற்றில் ரத்தம் குடிப்பவன் தப்பித்துக்கொள்கிறான்.

அப்படியானால் வேப்பிலை உருண்டை ஹீமான்கஸைக் கொல்லுமா? ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கொல்கிறது. வேம்பு, பூண்டு, பாகல் சாறுகள் முட்டை பொரிப்பதைத் தடுத்ததாகவும் இளம்புழுவை முடக்கியதாகவும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. பப்பாளிப் பாலில் உள்ள நொதி புழுவின் மேல்தோலையே அரித்துவிடுகிறது. ஆனால் கண்ணாடித் தட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே பெருவயிறு என்று ஒன்று இருக்கிறது. பல லிட்டர் கொள்ளும் நொதிப்பானை அது. நாம் கொடுக்கும் எலுமிச்சை அளவு உருண்டை அதில் விழுந்து கரைந்து, கோடானுகோடி நுண்ணுயிர்களால் உடைக்கப்பட்டு, இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நான்காம் வயிற்றுக்கு இறங்குகிறது. அங்கே வந்து சேரும்போது வேம்பின் கசப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆட்டுக்கே வேப்பிலை கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததன் பெரும்பகுதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். அளவும் இன்னொரு காரணம். ஒரு கைப்பிடி என்பது யாருடைய கைப்பிடி? பங்குனிக் கொழுந்தா, ஆடி மாத முற்றலா?

வெள்ளைக்காரன் காலத்து மருத்துவர்களும் இந்தப் பெருவயிற்றோடு மல்லுக்கட்டியவர்கள்தான். மயில்துத்தம் என்ற செம்பு உப்பின் கரைசலோடு புகையிலையின் நிகோட்டினைச் சேர்த்து ஆட்டுக்கு ஊற்றுவது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல நாடுகளில் முறையான புழு மருந்து. மயில்துத்தம் பட்டதும் செம்மறியின் உணவுக்குழாய் வாய்க்கால் மூடிக்கொண்டு, மருந்தைப் பெருவயிற்றைத் தாண்டி நேராகக் கீழே அனுப்பிவிடும் என்பது அதன் சூட்சுமம். அளவு கொஞ்சம் தவறினால் ஆடே போய்விடும்; செம்பு நஞ்சை செம்மறி போலத் தாங்காத பிராணி வேறு இல்லை. இன்றும் மயில்துத்தமும் புகையிலைத் தண்ணீரும் "நாட்டு மருந்து" என்ற பெயரில் சுற்றுகின்றன. அவை நாட்டு மருந்தும் அல்ல, இப்போது யாருக்கும் தேவையும் இல்லை.

ஆக, மேய்ச்சலும் மழையும் மாறாமல் கிடக்க, கடும் புழு உள்ள ஆட்டை ஓர் உருண்டை காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மூலிகையின் கதை உருண்டையோடு முடியவும் இல்லை. எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் பகுதி துவர்ப்பு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் நினைவுக்கு வரும். குரோமிய உப்பு வருவதற்கு முன் இங்கே ஆட்டுத்தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தோடு இறுகப் பிணைந்து, அழுகவேண்டிய தோலை அழுகாத பொருளாக்கிவிடுகிறது. நாக்கில் வைத்தால் வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் இதே பிணைப்புதான். எச்சிலின் புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது.

அதே டானின் உயிருள்ள ஆட்டின் உள்ளே போனால் இரண்டு வேலை செய்கிறது. தழையின் புரதத்தைப் பெருவயிற்று நுண்ணுயிர் தின்றுவிடாமல் பிடித்துவைத்து, கீழே குடலில் ஆட்டுக்கே கிடைக்கும்படி விடுகிறது. புழுவையும் நேராகத் தொட்டு அதன் இயக்கத்தையும் முட்டையிடுவதையும் மட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் டானின் மிகுந்த ஒரு வகைப் பயறுச் செடியை ஆடுகளுக்குத் தீவனமாகக் கொடுத்து, புழு முட்டை குறைவதை மறுபடி மறுபடி காட்டியிருக்கிறார்கள். நம்மிடம் அதற்கு ஈடானவை வேலியிலேயே இருக்கின்றன: கருவேலங்காய், வெள்வேல், புளியந்தழை, கொடுக்காப்புளி, வாகை. கோடையில் கருவேல மரத்தைத் துரட்டியால் உலுக்கி ஆட்டுக்குக் காய் உதிர்த்துவிடும் காட்சியைப் பார்க்காதவர் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? அதை யாரும் வைத்தியம் என்று செய்யவில்லை. ஒரு நாள் ஒரு உருண்டையாக இல்லாமல், வாரக்கணக்கில் தினமும் தின்னும் தீனியாகப் போனதால், அளவு என்ற சிக்கலும் பெருவயிறு என்ற சிக்கலும் இங்கே பாதி தீர்ந்துவிடுகின்றன. மிதமிஞ்சினால் தீனி செரிக்காமல் ஆடு இளைக்கும். தழை பலவாக இருந்தால் ஆடு தானே அளவு பார்த்துக்கொள்ளும்.

கடலைக்கொடியையும் இதோடு சேர்க்கவேண்டும். புழுவால் போகும் ரத்தத்தை ஈடுகட்ட ஆட்டுக்கு வேண்டியது புரதம். நல்ல புரதம் கிடைக்கும் ஆடு அதே எண்ணிக்கைப் புழுவோடு சமாளித்து நிற்கும். புழுவை வெளியேற்றும் எதிர்ப்பும் அதற்குக் கூடும். குட்டி ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்பு சரிந்து புழு முட்டை பெருகும், அது குட்டியின் மேய்ச்சலில் போய் விழும். ஈனுவதற்கு முன்பிருந்தே கொள்ளு, கடலைப் பிண்ணாக்கு, காய்ந்த கடலைக்கொடி என்று கொடுத்தவர்கள் புழு மருந்து கொடுத்ததற்குப் பாதி சமமான வேலையைச் செய்தார்கள்.

உண்ணி, பேன், சொறி என்று தோலின் மேல் வாழ்பவற்றில் மூலிகைக்கு இன்னும் நல்ல பெயர் உண்டு, அதற்குக் காரணமும் எளிது: நடுவில் பெருவயிறு இல்லை. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், வசம்பு, பூண்டு, மஞ்சள் இவை நேராக உண்ணி மேல் படுகின்றன. வேம்பின் அசாடிராக்டின் உடனே கொல்வதைவிட உண்ணி தோலுரித்து வளர்வதையும் பெருகுவதையும் குலைப்பது என்பதால், ஒரு தடவை தடவிவிட்டு மறுநாளே "ஒன்றும் ஆகவில்லை" என்பது சரியில்லை. வாரம் ஒரு முறை என்று தொடரவேண்டும். உண்ணியில் பெரும்பகுதி ஆட்டின் மேல் இருப்பதில்லை. கொட்டகையின் சுவர் இடுக்கிலும் கல் அடியிலும் கிடக்கும். இடுக்கைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, நாலு கோழியை உள்ளே திரியவிட்டால் மருந்தின் வேலை குறையும்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். குன்றுகளில் தானாக விளையும் சீத்தாப்பழத்தின் விதைப் பொடி பேனைக் கொல்லும். கண்ணில் பட்டால் ஆட்டுக்கும் சரி, தடவுகிறவருக்கும் சரி, கருவிழியைப் புண்ணாக்கும். உண்ணிச்செடியின் இலையை அரைத்து மேலே தெளிக்கலாம். ஆடு தின்றால் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்தது போல உரியும்.

உண்ணியும் சொறியும் விட்ட தழும்பை ஆடு விற்கும்போது நாம் பார்ப்பதில்லை. ஆம்பூரில் தோலை மேசையில் விரித்து வெளிச்சத்தில் தரம் பிரிப்பவர் பார்க்கிறார். முடி போன பிறகு தோலில் குத்துக் குத்தாகப் புள்ளி தெரியும். அந்தத் தோல் உயர்ந்த ரகத்துக்குப் போகாது.

ஏரி உள்வாய் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் வற்ற வற்றக் கரையோரம் பச்சைப் புல் தலைகாட்டும்; மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஆட்டை அங்கே ஓட்டாமல் யாரால் இருக்க முடியும்? அந்தப் புல்லில் நத்தையிலிருந்து வெளிவந்த தட்டைப்புழுக்களின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏராளமாக உள்ளே போனால் இளம் தட்டைப்புழு சிறுகுடலைத் துளைத்து, நாற்றமெடுக்கும் கழிச்சலோடு சில நாளில் ஆட்டைக் கொன்றுவிடும். இதற்கு மூலிகையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். வழக்கமான உருண்டைப்புழு மருந்துகளும் இதற்குப் போதா. ஆக்ஸிகுளோசனைடு போன்றவை வேண்டும், அதையும் மருத்துவர் சொல்லித்தான் கொடுக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், பாட்டில் மருந்து இருக்கும்போது இந்தத் தழையும் துவர்ப்பும் எதற்கு என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். 1961இல் தயாபெண்டசோல் என்ற புழு மருந்து வந்தபோது புழுவின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். 1964இலேயே அதற்கு மசியாத ஹீமான்கஸ் பதிவாகிவிட்டது. பிறகு லெவாமிசோல், அல்பெண்டசோல், 1981இல் ஐவர்மெக்டின். ஐவர்மெக்டினுக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டுப் பரிசின் மற்றப் பாதியைப் பெற்றது பழைய சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியா மருந்து எடுத்தவர் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்று இந்த வரிசையில் உள்ள பல மருந்துகளுக்கு ஒருசேர மசியாத புழுக்கள் தென்னிந்தியப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கின்றன.

எதிர்ப்பை வளர்த்ததில் நம் பங்கும் உண்டு. கணக்கு வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மந்தை முழுவதற்கும் ஒரே மருந்து. எடை பார்க்காமல் கண் மதிப்பில் குறைவான அளவு. வெள்ளாட்டின் உடல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால் செம்மறிக்கான அளவு அதற்குப் போதாது. அட்டையில் எழுதியிருப்பதோ செம்மறி அளவு. அரைகுறை மருந்தில் பிழைத்த புழுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது.

மந்தையில் ஐந்தில் ஒரு பங்கு ஆடுகள்தான் புழுவில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமக்கின்றன என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அந்த ஆடுகளுக்கு மட்டும் முழு அளவு மருந்தைக் கொடுத்து, தெம்பாக நிற்கும் மற்றவற்றை விட்டுவைத்தால், மருந்தைச் சந்திக்காத புழுக்களும் மேய்ச்சலில் கலந்திருக்கும். எதிர்ப்பு மெதுவாகத்தான் பரவும். அப்படி விட்டுவைக்கும் ஆடுகளுக்குத்தான் பனி உலரக் காத்திருப்பதும், கருவேலங்காயும், கடலைக்கொடியும், மனத் திருப்திக்கு ஒரு வேப்பிலை உருண்டையும். மூலிகை பாட்டில் மருந்தின் இடத்துக்கு வருவதில்லை. அதைத் திறக்கவேண்டிய நாளைத் தள்ளிப்போடுகிறது.

எந்த ஆட்டுக்கு மருந்து என்று எப்படித் தெரியும்? தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஒரு வண்ண அட்டை உண்டாக்கினார்கள். கீழ் இமையைப் புரட்டி உட்புறத்தின் நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிடுவது. செக்கச் சிவந்தால் ஒன்று, வெளுத்துப்போனால் ஐந்து. நான்கும் ஐந்தும் கட்டாயம் மருந்துக்கு. அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நன்றாக இருக்கும் ஆட்டின் இமையை நாலு தடவை பார்த்துப் பழகினால் வெளுத்தது தானே தெரியும். தட்டைப்புழுவும் அதிக உண்ணியும்கூட வெளுக்கவைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். கொடுத்த மருந்தோ உருண்டையோ வேலை செய்ததா என்று அறிய, கொடுக்கும் நாளிலும் பத்துப் பதினான்கு நாள் கழித்தும் புதுப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டையை எண்ணச் சொல்லலாம். மருந்து சரியாக வேலை செய்திருந்தால் முட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குறைந்திருக்கவேண்டும்.

சந்தையில் ஆடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், முதுகைத் தடவுகிறார், தூக்கிப் பார்த்து எடை மதிக்கிறார். இமையைப் புரட்டுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒடுகத்தூரில் பெரியவர் கொண்டுவந்த ஆறு உருப்படிகளின் இமையையும் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். சிரித்துக்கொண்டே கொம்பைப் பிடித்துக்கொடுத்தார். ஐந்து நன்றாகச் சிவந்திருந்தன. பனி உலரக் காத்திருப்பதற்கு அது சாட்சி என்று சொன்னேன், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது ஒரு கறுப்புப் பெட்டை. இமையின் உட்புறம் வெண்டைக்காய் விதைபோல வெளுத்திருந்தது. காலடியில் கிடந்த புழுக்கை மணி மணியாக, கெட்டியாக இருந்தது.

"இதற்குத்தான் போன வாரம் அரைத்து ஊற்றினேன்" என்றார்.